மணமகளின் பின்னால் நடப்பவர்கள்

வெள்ளவத்தையில் ஒரு கலியாண மண்டபத்துக்குள் நுழைகின்றவர்களைக் கவனித்துப் பாருங்கள். மணமகளின் கூறையையும் நகையையும் பார்த்து முடிந்ததும் அவர்களுடைய கண்கள் அடுத்தாற்போல் தேடுவது தோழனையும் தோழியையுந்தான். மாப்பிள்ளையின் கால் கழுவி மோதிரம் பெறும் தோழன் பெண்ணின் சொந்தத் தம்பியா, ஒன்றுவிட்ட தம்பியா? தோழியாக நிற்பவள் மாப்பிள்ளையின் எத்தனையாவது தங்கை? பெரிய மாமன் வீட்டுப் பிள்ளைகளை ஏன் காணவில்லை? கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயத்தில் மணமகளுக்குப் பின்னால் பூச்செண்டு ஏந்தி வரும் சிறுமிகளைப் பற்றியும் இதே கேள்விகள்தாம் எழுகின்றன. இவற்றை வெறும் வம்பு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு குடும்பம் யாரை அருகில் வைத்திருக்கிறது, யாரைத் தூரத்தில் நிறுத்துகிறது என்பதைக் கலியாணப் பந்தல் ஒரே நாளில் வெளிப்படுத்திவிடுகிறது. சனங்கள் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள்.

அரச குடும்பமொன்றில் கலியாணம் நடக்கும்போது இதே கேள்வி அரசியலாகிவிடுகிறது. அங்கே மணமகளின் அருகில் நிற்பது ஆட்சியின் அருகில் நிற்பதாகும். ஆயினும் அக்கேள்வியை யார் கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் பயன் மாறுகிறது. ஆளும் வர்க்கத்தை இனங்காண அது உதவலாம். அவ்வர்க்கத்தை வியந்து பார்த்துக்கொண்டிருக்கவும் உதவலாம். சில வேளைகளில் ஒரு சனசமூகத்தையே நாட்டைவிட்டுத் துரத்தும் ஆயுதமாகவும் மாறலாம். இம்மூன்றுக்கும் நமது தீவின் சரித்திரம் சான்று தருகின்றது.

எட்டுத் தோழிப்பெண்கள்

1947ஆம் ஆண்டு ஜூலையில், பிரித்தானிய இளவரசி எலிசபெத்துக்கும் கிரேக்க அரச குடும்பத்திற் பிறந்த பிலிப் மவுண்ட்பேட்டனுக்கும் திருமணம் நிச்சயமான செய்தி வெளியாயிற்று. நவம்பர் 20ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் மணவிழா நடைபெற்றது. இடையிலிருந்த நான்கு மாதங்களும் பத்திரிகைகளுக்கு அறுவடைக் காலம். தோழிப்பெண்கள் எத்தனை பேர், அவர்கள் யாவர், யாருக்கு அழைப்பு, யாருக்கு இல்லை என்பன இலண்டனில் பேச்சாயின. உடை பற்றிய பேச்சு எந்த அளவுக்குச் சென்றதென்றால், மணவுடைக்கான பட்டை நூற்ற புழுக்கள் எந்த நாட்டுப் புழுக்கள் என்ற வினாவும் எழுந்தது. அவை பகைநாடாயிருந்த ஜப்பானின் புழுக்கள் அல்ல, இத்தாலியின் புழுக்களும் அல்ல, சீனத்துப் புழுக்களே என்று உடை தைத்த நோர்மன் ஹார்ட்னெல் விளக்கம் கூற வேண்டியதாயிற்று.

அந்த நாளில் பிரித்தானிய மக்கள் துணியைப் பங்கீட்டுக் கூப்பனுக்கே வாங்கிக்கொண்டிருந்தார்கள். யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தும் பற்றாக்குறை தீரவில்லை. இளவரசிக்கு மேலதிகக் கூப்பன்கள் வழங்கப்பட்டன. அது போதாதென்றெண்ணிய ஏழைப் பெண்கள் பலர் தங்கள் கூப்பன்களை அரண்மனைக்கு அனுப்பிவைத்தனர். கூப்பனைக் கைமாற்றுதல் சட்டவிரோதமாகையால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. தன் பிள்ளையின் சட்டைக்குரிய கூப்பனைப் பத்தாயிரம் முத்துப் பதித்த மணவுடைக்கு அனுப்பிய அத்தாயை நாம் எள்ளி நகையாடலாகாது. தன் வாழ்வில் காணாத ஒளியை இன்னொருத்தியின் கலியாணத்தில் காண விரும்பினாள் அவள். அவ்விருப்பத்தை முதலாக்கிப் பிழைத்தவர்களைப் பற்றியே நாம் சிந்திக்க வேண்டும்.

தோழிப்பெண்களாகத் தெரிவு செய்யப்பட்டோர் எண்மர். மணமகளின் தங்கை மார்கரெட், கென்ட் கோமகனின் மகள் அலெக்சாண்ட்ரா, கரொலைன் மொண்டகு டக்ளஸ் ஸ்கொட், மேரி கேம்பிரிட்ஜ், எலிசபெத் லாம்பார்ட், பமேலா மவுண்ட்பேட்டன், மார்கரெட் எல்பின்ஸ்டன், டயானா போஸ் லயன் என்போர் அவர்கள். நிலத்தில் இழைந்த நீண்ட தோகையை ஏந்தி நடந்தோர் ஐந்தே வயதான இளவரசர்கள் இருவர். குளொஸ்டர் வீட்டு வில்லியமும் கென்ட் வீட்டு மைக்கேலும். மாப்பிள்ளைத் தோழர் பிலிப்பின் ஒன்றுவிட்ட சகோதரரான மில்போர்ட் ஹேவன் பிரபு. பத்திரிகைகள் இப்பெயர்களைப் பூக்களின் பெயர்களைப் போல அடுக்கி வழங்கின. உண்மையில் இது பிரித்தானியப் பிரபுத்துவத்தின் உறவுமுறை அட்டவணை. தந்தைவழி ஒரு பங்கு, தாய்வழி ஒரு பங்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பங்கு என்று அளந்து வைக்கப்பட்டது. எண்மருள் ஒருவரேனும் நாட்சம்பளத்துக்கு உழைக்கும் வீட்டிற் பிறந்தவரல்லர்.

யார் இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. உயிரோடிருந்த பிலிப்பின் சகோதரிகள் மூவரும் ஜெர்மானியப் பிரபுக்களை மணந்தவர்கள். அக்கணவர்களுட் சிலர் நாஜிக் கட்சியோடு தொடர்புடையவர்களாயிருந்தனர். ஆகவே மணமகனின் உடன்பிறந்த சகோதரிகளுக்கே அழைப்பு இல்லை. முடி துறந்த பெரியப்பாவான வின்சர் கோமகனுக்கும் இல்லை. நம்மூர்க் கலியாணங்களில் கோபதாபத்தால் நடப்பது அங்கே இராசதந்திரத்தால் நடந்தது.

இனி அவ்வெண்மருள் ஒருவரைச் சற்று நின்று பார்ப்போம். பமேலா மவுண்ட்பேட்டனுக்கு அப்பொழுது பதினெட்டு வயது. அவருடைய தந்தை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். பிரிவினையால் வீடிழந்த இலட்சோபலட்சம் மக்கள் பஞ்சாப் பெருவழிகளில் நடந்துகொண்டிருந்த காலம் அது. காஷ்மீரில் போர் மூண்டு ஒரு மாதமும் ஆகவில்லை. அந்த நிலையில் கவர்னர் ஜெனரல் குடும்பம் கலியாணத்துக்காக இலண்டன் சென்றது. நவம்பர் 10 முதல் 24 வரை அவருடைய பதவியைத் தற்காலிகமாக வகித்தவர் தமிழராகிய சி. ராஜகோபாலாச்சாரியார். ஒரு கலியாணப் பயணத்தின் இடைவெளியில் தமிழர் ஒருவர் இந்தியாவின் உயர்ந்த ஆசனத்தில் இரு வாரம் அமர்ந்தார் என்பது சுவையான செய்திதான். அப்படுகொலைகளுக்கும் அகதிகளின் அவலத்துக்கும் நடுவிலும் அக்கலியாணத்தில் முகங்காட்டுவது அவ்வர்க்கத்தாருக்கு அரச கருமமாகவே இருந்தது என்பது அதைவிட முக்கியமான செய்தி.

கொழும்பின் நிலை என்ன? அதே ஆண்டு மே, ஜூன் மாதங்களில் இந்நகரம் பொது வேலைநிறுத்தத்தைக் கண்டிருந்தது. ஜூன் 5ஆம் நாள் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் அரசாங்க எழுதுவினைஞரான வி. கந்தசாமி உயிர் துறந்தார். சிங்களத் தொழிலாளரும் தமிழ்த் தொழிலாளரும் ஒன்றாக நின்ற போராட்டம் அது. நவம்பர் 11ஆம் நாள் பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கையும் அதைச் சார்ந்த வேறு உடன்படிக்கைகளும் கைச்சாத்தாயின. சுதந்திரம் பெறப்போகும் நாட்டின் துறைமுகமும் விமானத்தளமும் பழைய எசமானரின் பாவனையில் நீடிக்க அவை வழிசெய்தன. இலங்கைச் சுதந்திர மசோதா பிரித்தானியப் பொதுச்சபையில் இரண்டாம் வாசிப்புக்கு வந்த நாள் நவம்பர் 21. அதாவது, மணவிழாவின் மறுநாள். அன்று உலகத்தின் காதுகள் முந்திய நாள் ஊர்வலத்தின் வர்ணனையிலேயே லயித்திருந்தன. தோழிப்பெண்களின் பெயர்களை ஒப்புவிக்க முடிந்தவர்களுட் பலருக்கு உடன்படிக்கையின் வாசகங்கள் தெரியாது. அறியும் ஆவல் அவர்களிடம் குறைவாக இருந்ததில்லை. அது எந்தத் திசையில் திருப்பப்பட்டது என்பதுதான் விஷயம்.

கண்டிக்கு வந்த மணப்பெண்கள்

பமேலாவின் தந்தைக்கு இலங்கை புதிய இடமன்று. 1944 ஏப்ரலில் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகத்தைப் பேராதனைக்கு மாற்றிக் கண்டியிலே தங்கியிருந்து படை நடத்தியவர் அவர். அந்தக் கண்டி மாநகரம் அரச கலியாணங்களை நன்கறிந்தது. மணமகளின் பின்னால் நடந்து வருபவர் யார் என்ற வினா அங்கே சிம்மாசனத்தையே அசைத்தது.

கண்டி மன்னர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து மணப்பெண் கொள்ளும் வழக்கம் பதினேழாம் நூற்றாண்டில் இரண்டாம் இராஜசிங்கன் காலத்திலே தொடங்கிற்று. பட்டத்தரசி சூரியகுல க்ஷத்திரிய வம்சத்தவளாயிருத்தல் வேண்டும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அதனிலும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. உள்ளூர்ப் பிரதானிகளின் வீட்டிலே பெண்ணெடுத்தால் அந்த வீடு மற்றெல்லா வீடுகளுக்கும் மேலே உயர்ந்துவிடும். ஒரு பிரதானியின் கை ஓங்குவதை மன்னன் விரும்பவில்லை. மற்றப் பிரதானிகளும் விரும்பவில்லை. கடலுக்கு அப்பாலிருந்து வரும் பெண்ணால் யாருக்கும் ஆபத்தில்லை என்று அவர்கள் கருதினர். கரையோரமெல்லாம் ஒல்லாந்தர் வசமாகிவிட்ட பிறகு, பெண் கேட்கச் செல்லும் தூதுகூட அந்நிய வர்த்தகக் கம்பனியின் தயவை நாடவேண்டியதாயிற்று. அரச கலியாணமும் கடல்வழி வாணிபமும் எவ்வாறு பின்னிக்கிடந்தன என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பெண் தனியே வரவில்லை. தாயும் தந்தையும் சகோதரரும் உற்றாரும் உடன் வந்தனர். வந்தவர்கள் கண்டியிலேயே தங்கினர். அவர்கள் வாழ்ந்த தெரு குமாருப்பே வீதி எனப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் அதற்கு மலபார் வீதி என்ற பெயர் வழங்கிற்று. வடுக நாயக்கர் மரபினரான அவர்கள் தெலுங்கும் தமிழும் அறிந்தவர்கள்.

1707 முதல் 1739 வரை ஆண்ட நரேந்திரசிங்கனுக்குப் பட்டத்தரசி வயிற்றில் வாரிசு இல்லை. அவன் இறந்தபோது அரசு யாருக்கு என்ற வினா எழுந்தது. கண்டிப் பெண்ணொருத்தியின் வயிற்றிற் பிறந்த உனம்புவே என்ற மகன் ஒருவன் இருந்தான்; அவனை ஆதரித்த பிரதானிகளும் இருந்தனர். ஆனால் முடி சூட்டப்பட்டவன் மணப்பெண்ணோடு வந்த அவள் தம்பி. அவனே ஸ்ரீ விஜய ராஜசிங்கன். கலியாணத்துக்குத் தோழனாக வந்தவன் அரசனானான் என்று நம் வழக்கில் சொல்லலாம்.

கதை அங்கே முடியவில்லை. விஜய ராஜசிங்கனும் நாயக்கர் குலத்துப் பெண்ணையே மணந்தான். அவளோடு அவள் தந்தை நரேனப்ப நாயக்கரும் அவருடைய மைந்தர் இருவரும் வந்தனர். சிறுவர்களாக மணப்பெண்ணின் கூட்டத்தில் வந்த அவ்விருவருமே பின்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனாகவும் (1747-1782) இராஜாதி ராஜசிங்கனாகவும் (1782-1798) கண்டியை ஆண்டனர். 1947இல் மணமகளின் தோகை ஏந்தி நடந்த சிறுவர் இருவரும் அரச குடும்பத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டனர். கண்டிக்கு வந்த சிறுவர் இருவரும் அரை நூற்றாண்டு காலம் நாடாண்டனர். ஆகவே கண்டிப் பிரதானிகள் மணப்பெண்ணின் பரிவாரத்தைக் கூர்ந்து கவனித்ததில் வியப்பில்லை.

ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி எது? தமது அதிகாரமும் வருவாயும் குறைகின்றன என்பதே அவர்களுடைய உண்மையான குறை. நாயக்கர் உறவினர் அரசவையில் செல்வாக்குப் பெற்றனர். பிரதானிகளின் பிடி தளர்ந்தது. இதனை அவர்கள் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அரசன் அந்நியன், நெற்றியில் திருநீறு பூசுகிறான் என்றே சொன்னார்கள். இத்தனைக்கும் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1753இல் சீயத்திலிருந்து உபாலி தேரரையும் பிக்குகளையும் வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதாவை இத்தீவில் மீண்டும் நிலைநிறுத்தியவன். சூளவம்சம் அவனைப் புகழ்ந்து பேசுகிறது. அத்தகையவனையே 1760இல் மல்வத்தை விகாரையில் வைத்துக் கொன்றுவிடப் பிரதானிகள் சிலரும் பிக்குகள் சிலரும் சதி செய்தனர். அவனுக்குப் பதிலாக அரியணையில் யாரை அமர்த்த எண்ணினார்கள் தெரியுமா? சீய நாட்டு இளவரசன் ஒருவனை! அந்நியன் ஆளலாகாது என்பதே அவர்களுடைய கொள்கையாயின், ஓர் அந்நியனை இறக்கிவிட்டு மற்றோர் அந்நியனை ஏற்ற முயன்றிருக்க மாட்டார்கள். இனமும் சமயமும் திரை. திரைக்குப் பின்னால் இருந்தது அதிகாரப் போட்டி.

மங்கல மண்டபத்தில் ஒரு சாசனம்

1798இல் பிலிமத்தலாவை என்ற மகா அதிகாரம், பட்டத்தரசியின் சகோதரி மகனான பதினெட்டு வயதுக் கண்ணுசாமியை அரியணையில் ஏற்றினான். இளைஞனைப் பொம்மையாக்கித் தான் ஆளலாம் என்பது அவன் கணக்கு. அரசியின் சகோதரனான முத்துசாமியோ ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான். 1803இல் அவர்கள் அவனைக் கண்டிச் சிம்மாசனத்தில் சில காலம் அமர்த்தியும் பார்த்தார்கள். ஒரே மணப்பெண்ணின் உறவினர் இருவருள் ஒருவன் பிரதானிகளின் கையில். மற்றவன் கவர்னரின் கையில். பிரதானியின் கணக்குப் பிழைத்தது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் எனப் பெயர் பூண்ட கண்ணுசாமி பொம்மையாக இருக்க மறுத்தான். அவனது ஆட்சியில் கொடுமைகளும் நடந்தன. அவற்றை மூடி மறைக்க வேண்டியதில்லை. 1815 பெப்ரவரி 18ஆம் நாள் அவன் சிறைப்பட்டான்.

அதே ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கண்டி அரண்மனையின் மகுல் மடுவவில் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. மங்கல மண்டபம் என்பது அப்பெயரின் பொருள். ஒப்பந்தத்தின் வாசகம் நமது ஆராய்ச்சிக்கு முக்கியமானது. மன்னன் ஒருவனை நீக்கியதோடு அது நிற்கவில்லை. மலபார் இனத்தாருக்குக் கண்டி அரசில் இனி எவ்வுரிமையும் இல்லை என்றது. மன்னனின் உறவினரான ஆண்கள் அனைவரும் அரசாங்கத்தின் பகைவர் என்றது. வெளியேற்றப்பட்டவர்கள் அனுமதியின்றித் திரும்புவதைத் தடை செய்தது. கலியாணத்துக்கு வந்தவர்களின் பட்டியல் நாடு கடத்தப்படுவோரின் பட்டியலாயிற்று. இதில் கைச்சாத்திட்ட பிரதானிகளுட் சிலரது கையொப்பங்களில் தமிழ் எழுத்துகள் காணப்படுகின்றன என்பதையும் மறந்துவிடலாகாது. மலபாரை விலக்கும் சாசனத்தில் அவ்வெழுத்துகளே சாட்சியாக நின்றன. மன்னனும் அரசியரும் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டு, 1816 ஜனவரி 24ஆம் நாள் கப்பலேற்றப்பட்டனர். 1832இல் வேலூரிலே அவன் வாழ்வு முடிந்தது.

மக்கள் என்ன நினைத்தார்கள்? இரண்டே ஆண்டுகளில் அதற்கு விடை கிடைத்தது. 1817இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் ஆங்கிலேயருக்கெதிராகச் சிங்களக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுக்குத் தலைவனாக வந்த வில்பாவே தன்னை யார் என்று கூறிக்கொண்டான்? நாயக்க மன்னனின் உறவினனான துரைசாமி என்று! மலபார் இனத்தான் என்று சாசனம் விலக்கிய குலத்தின் பெயரைச் சொல்லித்தான் மலைநாட்டு மக்கள் திரட்டப்பட்டனர். அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொலையும் அவர்களோடு சேர்ந்து 1818 நவம்பரில் உயிர்ப்பலி கொடுத்தான். மணப்பெண்ணோடு வந்தவன் அந்நியன் என்ற கூற்று அரண்மனையிலும் கவர்னர் மாளிகையிலும் விளைந்தது. குடியானவனின் வயலில் அது முளைக்கவில்லை.

மணப்பெண் இல்லாமல் வந்தவர்கள்

ஆயினும் அன்று மங்கல மண்டபத்தில் எழுதப்பட்ட வாசகம் ஒரு முன்மாதிரியாய் அமைந்தது. ஒருவனுடைய உரிமையை அவன் உழைப்பைக் கொண்டோ வாழ்வைக் கொண்டோ அளவிடாமல், அவன் யாரோடு, எங்கிருந்து வந்தான் என்பதைக் கொண்டு அளவிடும் வழக்கம் அது. பின்னர் அதே ஆங்கிலேயர் அதே மலைகளில் கோப்பியும் தேயிலையும் நடுவதற்குத் தென்னிந்தியத் தொழிலாளரைக் கொண்டுவந்தனர். இவர்கள் எந்த அரசியின் பின்னாலும் வந்தவர்களல்லர். பசியோடும் கங்காணியின் கடன்துண்டோடும் காட்டுவழியே நடந்து வந்தவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களிடம் கேட்டது என்ன? உன் தந்தை இங்கே பிறந்தானா? இல்லையேல், பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? அதற்குச் சான்று எங்கே? ஏறத்தாழ 7 இலட்சம் மக்கள் நாடற்றவர்களாயினர். தேயிலையின் இலாபம் இலண்டனுக்கும் கொழும்புக்கும் சென்றது. அந்த இலாபம் யாரோடு வந்தது என்று சட்டம் கேட்கவில்லை.

1952இல் எலிசபெத் இந்நாட்டுக்கும் அரசியானார். 1972 மே 22இல் இலங்கை குடியரசாகும் வரை அவ்வாறே இருந்தார். 1954 ஏப்ரலில் அவர் கொழும்புக்கு வந்தபோது, அப்பெரும் பயணத்தில் பணிப்பெண்ணாக உடன் வந்தவர் முன்னாள் தோழிப்பெண் பமேலா. முடிசூட்டு விழாவில் அணிந்த உடையையே அணிந்து அரசி இங்கே பாராளுமன்றத்தைத் தொடக்கிவைத்தார். அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்ந்ததை எதிர்த்து 1953 ஆகஸ்ட் 12இல் நடந்த ஹர்த்தாலில் சனங்கள் சுடப்பட்டு எட்டு மாதந்தான் கழிந்திருந்தது.

தலைமுறை மாறியும் வரிசை மாறவில்லை. 1981 ஜூலை 29இல் இளவரசர் சார்ள்ஸ் டயானாவை மணந்தபோது தோழிப்பெண்கள் ஐவருள் ஒருத்தி பமேலாவின் மகள். அவள் பெயர் இந்தியா. பாட்டன் ஆண்ட நாட்டின் பெயர் பேர்த்திக்கு அணிகலனாயிற்று. டயானாவின் நிச்சய மோதிரத்தில் ஒளிர்ந்த நீலக்கல் இலங்கைக் கல். மாணிக்கக் குழிக்குள் இறங்கும் இரத்தினபுரித் தொழிலாளியின் பெயரை யாரும் ஊகிக்க முயலவில்லை. அக்கலியாணத்துக்கு இரண்டு மாதம் முன்னர், மே 31 இரவு, யாழ்ப்பாண நூலகம் தீக்கிரையாகி ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. இரண்டு ஆண்டு கழித்து, 1983 ஜூலையில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காடையர்கள் தமிழர் வீடுகளைத் தேடினார்கள். நீ யார், எங்கிருந்து வந்தாய் என்ற பழைய கேள்வி இம்முறை பெற்றோல் கலனோடு வாசலில் வந்து நின்றது.

இவ்வளவுக்கும் பிறகு, கலியாணப் பந்தலில் தோழி யாரென்று பார்ப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. அந்தக் கண் நமக்கு வேண்டும். அது வகுப்பறையிலும் வேண்டும். அரச கலியாணப் படமொன்றை மாணவர் முன் வைத்து, இவர்கள் யாருடைய பிள்ளைகள், எந்த நிலத்துக்கும் எந்தக் கம்பனிக்கும் உரியவர்கள், இந்த வரிசையில் இடம் பெறாதவர்கள் யார் என்று கேட்கும் ஆசிரியர், ஒரு மணி நேரத்தில் ஒரு சாம்ராச்சியத்தின் வரலாற்றைக் கற்பித்துவிடலாம். அதிகாரத்தின் அருகில் நிற்பவன் யார் என்ற கேள்வி சனநாயகத்தின் கேள்வி. உன் இரத்தம் எந்தக் கரையிலிருந்து வந்தது என்ற கேள்வி பிரதானிகளின் கேள்வி, கவர்னரின் கேள்வி. முதலாவதைக் கேட்க வேண்டிய இடத்தில் இரண்டாவதைக் கேட்கும்படி இத்தீவின் மக்கள் பலமுறை தூண்டப்பட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதற்கு விலை கொடுத்தவர்கள், எந்த ஊர்வலத்திலும் இடம் பெறாத ஏழைகளே.